யாருடைய அணி? – கண்டிப் பார்வையாளர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆடுகளத்தில் நிகழ்வதைத் தம்முடைய வெற்றியாகவோ தோல்வியாகவோ ஏற்றுக்கொள்வோரே பார்வையாளர் எனப்படுவர். இவ்வுண்மை தமிழ் மரபுக்குப் புதியதன்று. போரவைக்கோப்பெருநற்கிள்ளியைப் பற்றி நக்கண்ணையார் பாடிய புறநானூற்றின் 85ஆம் பாட்டிலே, பொருதலைக் கண்டு நின்றோர் இரு சாராராகப் பிரிந்து, வெற்றி அவனதே என ஒரு சாராரும் அன்று என மறு சாராரும் கூறினர் என்ற செய்தி வருகின்றது. பனையொன்றைச் சார்ந்து நின்று தானே நேரிற் கண்டதைப் புலவர் மூன்றாவது கூற்றாக முன்வைக்கின்றார். ஆட்டம் ஒன்றே; அதன் பொருளோ பார்ப்போர் நிற்கும் இடத்துக்கேற்ப வேறுபடுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் வீரனுடைய இடத்தைத் 'தேசிய அணி' பெற்றபோது, இவ்வேறுபாடு அரசியற் பொருளையும் பெறலாயிற்று. கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உலக நிலையைச் சிறிது நோக்குவோம். 1950 யூலை 16ஆந் திகதி, றியோ டி ஜெனிறோ நகரின் மரக்கானா அரங்கில், உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்திலே பிறேசில் 2–1 என உருகுவேயிடம் தோற்றது. அத்தோல்வியின் பழி கறுப்பினத்தவரான கோல்காப்பாளர் பார்போசாவின் மீது விழுந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரை அது நீங்கவில்லை. 1998இல் பிரான்சு அணி பிறேசிலை 3–0 என வென்றபோது, அல்ஜீரியக் குடியேற்றவாசிகளின் மகனான சிடான் நாட்டின் நாயகனாகப் போற்றப்பட்டார். பல இனத்தவர் ஒன்றாகிய புதிய பிரான்சு பிறந்துவிட்டதென்று பலரும் எழுதினர். நான்கு ஆண்டுகள் கழியுமுன்னரே, 2002 ஏப்பிரலில், குடியேற்ற எதிர்ப்பையே தம் கொள்கையாகக் கொண்ட லெ பென் சனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றை எட்டினார். 2018இல் ஜெர்மனிய அணி முதற் சுற்றிலேயே வெளியேறியபின், துருக்கிய வழித்தோன்றலான மெசுற் ஒசில் அணியிலிருந்து விலகினார். வெல்லும்போது தாம் ஜெர்மானியராகவும் தோற்கும்போது குடியேறியவராகவும் கருதப்படுவதாக அவர் அப்போது முறையிட்டார். வெற்றி எல்லோரையும் அணைத்துக்கொள்கின்றது. தோல்வி சிலரை மட்டுமே சுட்டுகின்றது.

பார்வையாளரும் இச்சோதனைக்குத் தப்பியவரல்லர். 1990இல் பிரித்தானிய அரசியல்வாதியான நோர்மன் ரெபிற், ஆசிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் கிரிக்கெற் போட்டியில் எந்த அணியை ஆதரிக்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்களது பற்றுறுதியை அளக்கலாம் என்றார். ஒருவர் எழுப்பும் ஆரவாரத்தை அவருடைய குடியுரிமைக்குச் சான்றாகக் கொள்ளும் இம்மனப்பாங்கு இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவும் இலங்கையும் மோதும் ஒவ்வொரு போட்டியின்போதும், மலையகத் தமிழரை நோக்கி வெளிப்படையாகவோ குறிப்பாகவோ எழுப்பப்படும் வினாவும் இதுவே.

இலங்கையின் விளையாட்டு வரலாற்றிலே ஓராண்டு இடைவெளியில் இரண்டு பெருவெற்றிகள் நிகழ்ந்தன. 1995இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில், இலங்கை அணி இந்தியாவை 1–0 என வென்று வாகை சூடியது. 1996 மார்ச் 17ஆந் திகதி லாகூரில் நடைபெற்ற உலகக் கிண்ணக் கிரிக்கெற் இறுதியாட்டத்தில், அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெற்றுகளால் வென்றது. பின்னையதை அறியாத பள்ளிப் பிள்ளை இந்நாட்டில் இல்லை; முன்னையதை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. இரண்டும் தேசிய அணிகள். இரண்டும் கிண்ணம் வென்றவை. அவ்வாறாயின் இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது?

போட்டியின் அளவு ஒரு காரணம் என்பது மறுக்கற்பாலதன்று. உலகக் கிண்ணம் உலகெங்கும் ஒளிபரப்பப்பட்டது. தெற்காசியக் கிண்ணத்துக்கு அத்தகைய பார்வையாளர் இல்லை. எனினும் அது மட்டுமே காரணமன்று. கிரிக்கெற்றுக்குப் பெரும் பாடசாலைகளின் பின்னணியும், வணிக நிறுவனங்களின் ஆதரவும், ஆங்கிலப் பத்திரிகைகளின் நெடுங்காலப் பழக்கமும் இருந்தன. உதைபந்தாட்டமோ வடபுலத்திலும் கரையோர ஊர்களிலும் நகர்ப்புற எளியோரிடையேயும் வேரூன்றிய ஆட்டம். அதைப் பேசியோர் பலர், எழுதியோர் சிலர். எழுதப்படாத வெற்றி இரண்டு தலைமுறைக்கு மேல் நிலைப்பதில்லை. 2023 வரை இலங்கை மீண்டும் தெற்காசியக் கிண்ணத்தை வென்றதில்லை. அதே ஆண்டில், நிர்வாகத்தில் வெளியார் தலையிட்டமை காரணமாகச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைச் சில மாதங்கள் இடைநிறுத்தியும் வைத்தது. உதைபந்தாட்ட ஆர்வலரின் மனக்குறை வெறும் பொறாமையன்று; ஆதரவற்றுத் தேய்ந்த ஓர் ஆட்டத்தின் வரலாறு அது.

இனிக் கண்டிப் பிரதேசத்துக்கு வருவோம். மலைநாட்டிற் கிரிக்கெற்றைக் கொணர்ந்தோர் கோப்பி, தேயிலைத் தோட்டங்களின் ஆங்கிலத் துரைமாராவர். 1868இல் தோற்றம்பெற்ற டரவெல கழகம் போன்றவை அவர்களுடைய பொழுதுபோக்குக் களங்களாயின. அம்மைதானங்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கு அங்கு ஆடுவோரிடையே இடமிருக்கவில்லை. மறுபுறத்தில், கொழும்புத் தமிழரின் மேல்தட்டினர் 1899இல் தமிழ் யூனியன் கழகத்தை நிறுவினர். 1948 மார்ச் 27ஆந் திகதி பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் அக்கழகத்தைச் சேர்ந்த ம. சதாசிவம் ஆவார். நாடு சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கள்கூட நிறைவுறாத வேளை அது. அதே ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். தேசிய அணியின் தலைவர் தமிழராக இருக்கக்கூடிய நாட்டிலேயே தேயிலை பறிக்கும் தமிழர் அந்நியராக ஆக்கப்பட்டனர். ஒரு சமூகத்தின் தனிமனிதர் அடையும் சிறப்பையும் அச்சமூகத்தின் உரிமையையும் ஒன்றெனக் கருதுவோர்க்கு 1948ஆம் ஆண்டு தக்க பாடமாகும்.

1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரின் எதிர்காலத்தைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. அவர்களின் கருத்து கேட்கப்படவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் கண்டிப் புகையிரத நிலையத்தில் ஏறி, தலைமன்னார் வழியாக இந்தியா சென்ற குடும்பங்கள் பல.

இச்சூழலிலேயே அஸ்கிரிய மைதானத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். திரினிற்றிக் கல்லூரிக்குரிய அம்மைதானத்தில் முதலாவது ரெஸ்ற் போட்டி 1983 ஏப்பிரல் 22ஆந் திகதி தொடங்கியது. அவுஸ்திரேலியா ஓர் இன்னிங்சாலும் 38 ஓட்டங்களாலும் வென்றது. கண்டி நகரம் உலக அரங்கில் இடம்பெற்ற பெருமையிலே தோல்வி பெரிதாகப் படவில்லை. மூன்று மாதங்களின் பின் யூலைக் கலவரம் கொழும்பிலிருந்து கண்டிக்கும் பரவியது. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஏப்பிரலில் ஒரே அணிக்காக ஆர்ப்பரித்தோருக்கிடையே யூலையில் எத்தகைய உறவு எஞ்சியது என்ற வினாவை ஓட்டப் பட்டியல்கள் எழுப்புவதில்லை. வரலாற்று மாணவர் எழுப்பியாக வேண்டும். 1984 மார்ச்சில் நியூசிலாந்து அணி அதே மைதானத்தில் ஆடியது. 1985 செப்ரெம்பரில் இந்தியாவுக்கு எதிரான தொடரை இலங்கை முதன்முறையாக வென்று முடித்ததும் அங்கேயே.

1972 ஏப்பிரல் 17ஆந் திகதி கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். தந்தையார் பிஸ்கற் உற்பத்தித் தொழிலில் ஈடுபட்டவர். 1992இல் முரளிதரன் ரெஸ்ற் அணியில் இடம்பெற்றார். 1995 டிசெம்பர் 26ஆந் திகதி மெல்போண் நகரில், நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துவீச்சை எறிதல் எனக் கருதி ஏழு தடவை முறையற்ற பந்து என அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க உறுதியாக அவர் பக்கம் நின்றார். தமிழ்ப் பந்துவீச்சாளர் ஒருவருக்கு நேர்ந்த அவமதிப்பைச் சிங்கள ஆர்வலர் தம் அவமதிப்பாகவே கொண்டு கொதித்தெழுந்தனர். அவ்வுணர்வை வெறும் பாசாங்கென ஒதுக்குதல் நேர்மையாகாது. அதே காலப்பகுதியில், 1995 ஒக்ரோபர் இறுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர் என்பதை மறைத்தலும் நேர்மையாகாது. இவ்விரண்டு உண்மைகளும் ஒரே நாட்டில், சில வாரங்களுக்குள் நிகழ்ந்தவை.

1996 சனவரி 31ஆந் திகதி கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்புக்கு இலக்காகிப் பலர் உயிரிழந்தனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கையில் ஆட மறுத்தன. இதனால் அவ்வுலகக் கிண்ணத்தில் இலங்கை மண்ணில் நிகழ்ந்த போட்டிகள் இரண்டே. அவற்றுள் ஒன்று கண்டிக்குக் கிடைத்தது. மார்ச் 6ஆந் திகதி அஸ்கிரியவில் கென்ய அணிக்கு எதிராக இலங்கை 5 விக்கெற்றுகளை இழந்து 398 ஓட்டங்களைக் குவித்தது. அரவிந்த டி சில்வா 145 ஓட்டங்கள் பெற்றார். ஒருநாள் போட்டிகளில் அன்றுவரை எந்த அணியும் பெறாத அத்தொகை பத்தாண்டுகள் சாதனையாக நிலைத்தது. போருக்கு அஞ்சிப் பிறர் வர மறுத்த நாட்டில், ஒரு மலைநகரத்து மைதானம் அன்று திருவிழாக் கோலம் பூண்டது. ஒரு வாரத்தின் பின் கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில், தம் அணியின் வீழ்ச்சியைப் பொறாத இந்தியப் பார்வையாளர் போத்தல்களை வீசித் தீமூட்டியமையால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. லாகூர் இறுதியாட்டத்தில் முரளிதரன் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து, ஷேன் வோணின் விக்கெற்றைச் சாய்த்தார்.

கிண்ணம் நாட்டுக்கு வந்தபோது மலையகத் தமிழரிற் பெருந்தொகையினர் நாடற்றோராகவே இருந்தனர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தீராத அப்பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பெருமளவில் முடிவு கண்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனாற் பயனடைந்தனர். ஆகவே 1996இல், தேசிய அணியின் வெற்றியைத் தன் வெற்றியெனக் கொண்டாடிய தோட்டத் தொழிலாளி ஒருவர், சட்டப்படி அத்தேசத்தைச் சேராதவராக இருந்திருக்கலாம். சட்டம் மறுத்ததை ஆரவாரம் ஓரிரவுக்கு வழங்கியது.

இவ்வணியைத் தமிழர் நோக்கிய விதம் ஒரு தன்மையதன்று. முரளிதரனைத் தம் பிள்ளையெனப் பெருமிதம் கொண்டோர் ஒரு சாரார். அரசின் மீதுள்ள மனக்கசப்பால் அவ்வணியின் தோல்வியை விரும்பியோர் ஒரு சாரார். ஆட்டத்தை ஆட்டமாகவே கண்டு சுவைத்தோர் பிறிதொரு சாரார். ஒரே குடும்பத்துள் இம்மூவரும் இருந்ததுண்டு. 2020இல் முரளிதரனின் வாழ்க்கைத் திரைப்படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் விலக நேர்ந்தமை இக்கருத்து வேறுபாடு தணியாதிருந்ததைக் காட்டுகின்றது. விளையாட்டு வீரரின் அரசியற் கூற்றுகளை விமர்சிக்க எவருக்கும் உரிமையுண்டு. ஆயின் மலையகத்தில் வாழ்வோர் தம் அயலவரோடு நாள்தோறும் வாழ்ந்தாக வேண்டியவர் என்பதைக் கருதாது, தொலைவிலிருந்து வழங்கப்படும் தீர்ப்பு முழுமையானதன்று.

வெற்றியின் ஒளி நெடுநாள் நிலைப்பதில்லை. 1999 உலகக் கிண்ணத்தில் நடப்புச் சம்பியன்களான இலங்கை அணியினர் முதற் சுற்றிலேயே வெளியேற, ரணதுங்க தலைமைப் பதவியை இழந்தார். 2007இலும் 2011இலும் இறுதிவரை சென்று தோற்றனர். எனினும் 2007 டிசெம்பர் 3ஆந் திகதி, அதே அஸ்கிரிய மைதானத்தில், இங்கிலாந்தின் கொலிங்வூட்டை வீழ்த்தி, வோணின் 708 விக்கெற் சாதனையை முரளிதரன் கடந்தார். அஸ்கிரிய கண்ட இறுதி ரெஸ்ற் போட்டி அதுவே. பின்னர் பெரும் போட்டிகள் பல்லேகலைக்குச் சென்றன.

இதுவரை நோக்கியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தேசிய அணி உருவாக்கும் 'நாம்' என்னும் உணர்வு பொய்யன்று. ஆயின் அது தன்னளவில் நிறைவானதுமன்று. பாடசாலையும் நிலமும் வாக்கும் மொழியும் சமமாகக் கிடைக்கும்போதே அது நிலைபெறும். 1948இன் சதாசிவமும் 1996இன் முரளிதரனும் இதற்குச் சான்றாவர். ஆட்டக்காரரின் எண்ணிக்கைகள் அனைத்தும் பதிவாகியுள்ளன. பார்வையாளரின் நினைவுகளோ பதிவாகவில்லை. 1995இன் உதைபந்தாட்ட வெற்றியைக் கண்டோரும், 1996இல் லயன் வீடுகளில் ஒற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தோரும் முதுமை எய்தி வருகின்றனர். அவர்கள் கூற்றுகளைக் கேட்டுப் பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவர்க்கு உரிய பணியாகும். ஓட்டப் பட்டியலால் நிரப்ப முடியாத இடத்தை அக்கூற்றுகளே நிரப்பும்.