மனசுக்கு யாரிடம் போவது?

நேற்று சிதறால் மலையடிவாரத்தில் பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "சாரே, மகளுக்குப் பரீட்சைன்னா பயம். சிபிடி நல்லதுன்னு சொல்லுதாங்க. அதைச் செய்யது டாக்டரா, சைக்காலஜிஸ்டா?"

அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு வழி வகுத்தவர்கள் இருவர். ஆல்பர்ட் எல்லிஸ் முதலில் வணிகம் படித்து, பிறகு உளவியலாளர் ஆனவர்; 1955-இல் தன் முறையைத் தொடங்கினார். ஆரோன் பெக், ஃபிராய்டு வழியில் பயின்ற மனநல மருத்துவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்று படித்திருந்தார். அதை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கண்டதோ தோல்வியும் இழப்பும். படித்ததை விட்டார். 'நான் தோற்றுத்தான் போவேன்' என்ற எண்ணத்திடமே ஆதாரம் கேட்கும் முறையை 1960-களில் உருவாக்கினார்.

நம் நாட்டில் 1955-இல் பெங்களூரில், இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடி நிறுவனத்தில், மருத்துவ உளவியல் படிப்பு தொடங்கியது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெறுகிறார்கள்.

இந்தச் சிகிச்சையை இருவருமே செய்யலாம். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். "போர்டைப் பார்த்துப் போகாதே மக்களே, பதிவு எண்ணைக் கேள்" என்றேன்.

வகுப்பில் சில பிள்ளைகளை 'உதவாக்கரை' என்று நானும் திட்டியதுண்டு. அந்தச் சொல்லுக்கு அன்று நான் ஆதாரம் தேடவில்லை.