முல்லைப் பெரியாறும் கம்பம் பள்ளத்தாக்கும்

கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டத்தின் தென்மேற்கில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் நீண்டு கிடக்கும் வேளாண் நிலப்பகுதி. மேற்கே கேரள எல்லையை ஒட்டிய ஏலமலை, கிழக்கே மேகமலை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, இங்கே எஞ்சுவது காற்றும் சாரலும்தான். அப்படியும் இருபோகம் நெல் விளைகிறதென்றால், அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பியதே காரணம்.

இதற்காக 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. பொறியாளர் பென்னிகுவிக் மேற்பார்வையில் 1887இல் தொடங்கிய அணைப் பணி 1895இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கொண்டு கட்டிய அந்த அணை இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது; இயக்குவது தமிழ்நாடு. முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 142 அடி வரை தேக்கிக்கொள்ள 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அணை என்றாலே பேச்சு இந்த நீர்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் வந்து சேரும் வழி அதைவிடச் சுவையானது.

தேக்கடித் தலைமதகைத் தாண்டும் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே எல்லை கடந்து தமிழகப் பக்கம் வெளிப்படுகிறது. அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப் மின்நிலையத்தின் விசையாழிகளைச் சுழற்றிவிட்டு வைரவனாற்றில் விழுகிறது. மின்நிலையம் நிற்கும் நாட்களில் நீர் இரைச்சல் பாலம் என்ற இடத்தின் வழியாக வரும். மேகமலையிலிருந்து வரும் சுருளியாறும், தேனி அருகே கொட்டகுடி ஆறும் சேர்ந்துகொள்ள, ஆறு வைகையில் கலக்கிறது. அதன் கீழே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை. மதுரை, ராமநாதபுரம் பகுதிகளின் வறட்சிக்காகத் தீட்டியதே பெரியாற்றைத் திருப்பும் திட்டம். வழியில் இருந்த பள்ளத்தாக்குக்கோ தலைமடை வாய்த்தது.

கம்பம் சுற்றுவட்டாரத்தில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுதும் அறுவடையாகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓடைப்பட்டிக்கு விதையில்லாத் திராட்சை. தென்னை, வாழைக்கும் குறைவில்லை.

ஆயினும் ஆற்றுப் பாசனத்தின் கணக்கு நெல்லில்தான். இருபோகப் பரப்பு 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு ஜூன் 1இல் தண்ணீர் திறப்பது மரபு. அணையில் நீர் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். நாற்று தாமதமானால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் சிக்கும், இரண்டாம் போகமும் பின்தங்கும்.