குனோங் பூலாய் தண்ணீர் போன பாதை

ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலம் வழியே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே கிடக்கும் தண்ணீர்க் குழாய்கள் பழகிப்போனவை. விடியற்காலை நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும்போது, சன்னலுக்கு வெளியே சாலையை ஒட்டி அவை நீண்டு கிடக்கும். ஓர் ஆள் குனியாமல் பின்னால் மறைந்துகொள்ளலாம் போலத் தோன்றும் அளவுக்குப் பருமன். அந்தத் தடத்தில் முதலில் ஓடியது, 654 மீட்டர் உயரமுள்ள குனோங் பூலாய் மலையின் தண்ணீர்.

மலைத் தண்ணீரைச் சிற்றணை கட்டித் தேக்கியது ஆலைச் சக்கரம் சுற்றத்தான் என்பது பல ஊர்களின் கதை. ஜொகூரில் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் மெல்ட்ரம் இங்கே நடத்திய பெரிய மர ஆலை நீராவியில் ஓடியது. மலைத் தண்ணீரைத் தேடி வந்தது, நீரிணைக்கு அந்தப் பக்கம் பெருத்துக்கொண்டிருந்த சிங்கப்பூர் நகரம். அதன் சொந்த நீர்த்தேக்கங்கள் போதவில்லை. 1924இல் கடற்பாலம் திறக்கப்பட்டது. குழாய் போட வழி பிறந்தது.

1927 டிசம்பர் 5ஆம் தேதி, ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் சிங்கப்பூர் நகராட்சி ஆணையர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். குனோங் பூலாயில் 2,100 ஏக்கர் நிலம் குத்தகைக்கு. ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 காசு. தண்ணீருக்குத் தனி விலை இல்லை. ஜொகூர் கேட்டால் சுத்திகரித்த தண்ணீர் நாளுக்கு 8 லட்சம் கேலன் வரை கிடைக்கும். ஆயிரம் கேலனுக்கு 25 காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த நிலத்துக்கும் ஆண்டுக் குத்தகை 630 வெள்ளி. அந்த 8 லட்சம் கேலனை முழுதாக வாங்கினால் ஒரு நாளைக்கே 200 வெள்ளி. நான்காம் நாள் முடிவதற்குள் குத்தகைப் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அணை கட்டவும் குழாய் பதிக்கவும் சுத்திகரிக்கவும் சிங்கப்பூர் செலவு செய்தது உண்மை. ஆனாலும் மழையைப் பிடித்து வைத்திருந்த காட்டுக்கு அந்தத் தாளில் யாரும் மதிப்புப் போடவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

தண்ணீர் ஓடியது. பிறகு போர் வந்தது. 1942 ஜனவரி 31ஆம் தேதி, பின்வாங்கிய நேச நாட்டுப் படை கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது குழாயும் அறுந்தது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் தன் நீர்த்தேக்கங்களை மட்டும் நம்ப வேண்டியதாயிற்று. குண்டுவீச்சில் தெருக் குழாய்களும் உடைந்து தண்ணீர் வீணானது. இரண்டே வாரம். பிப்ரவரி 15ஆம் தேதி நகரம் சரணடைந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் தண்ணீரும் ஒன்று.

1961இல் பழைய ஒப்பந்தம் போய்ப் புதியது வந்தது. பூலாய், பொந்தியான், தெப்ராவ், ஸ்கூடாய் எல்லாம் அதில் அடங்கின. இந்த முறை தண்ணீருக்கே விலை வைத்தார்கள்: ஆயிரம் கேலனுக்கு 3 காசு, ஐம்பது ஆண்டுகளுக்கு.

அந்தக் காலக்கெடு முடியப் பத்தாண்டு இருக்கும்போது மலை தன் பலத்தைக் காட்டியது. 2001 டிசம்பர் 27ஆம் தேதி, வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது. பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாவது மிக அபூர்வம். விடாமல் கொட்டிய மழையில் குனோங் பூலாய்ச் சரிவு இளகி, மண்ணும் பாறையும் மரமுமாக இறங்கி வந்து ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது.

2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஒப்பந்தம் காலாவதியானது. குனோங் பூலாய், ஸ்கூடாய் நீர் ஆலைகளையும் பொந்தியான், தெப்ராவ் பம்ப் நிலையங்களையும் சிங்கப்பூர் ஜொகூரிடம் ஒப்படைத்தது. இப்போது கடற்பாலத்தைத் தாண்டுவது ஜொகூர் ஆற்றுத் தண்ணீர். அதற்கான தனி ஒப்பந்தம் 2061 வரை இருக்கிறது.

பூலாய் மலையின் காடு இனி நம் பொறுப்பு. அடுத்த முறை பஸ் அங்கே நிற்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் குழாயைக் காட்டி, மலையின் பெயரையும் சொல்லிவையுங்கள்.