சான்றிதழ் எண் 1024: ஒரு அறை வாங்கின பட்டம்

இன்னைக்கு ஒரு பரீட்சையோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். நெட்வொர்க்கிங் பக்கம் எட்டிப் பார்த்த யாருக்கும் சி.சி.ஐ.இ-ங்கிற பேர் தெரிஞ்சிருக்கும். சிஸ்கோ நடத்துற சான்றிதழ் தேர்வுகள்ல உச்சியில இருக்கிறது. பாஸ் பண்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் கொடுப்பாங்க. அந்த எண் வரிசை ஒண்ணுல ஆரம்பிக்கல, 1024-ல ஆரம்பிச்சுது. பத்து ரெண்டுகளை வரிசையா பெருக்கினா வர்ற எண் அது.

சரி, அந்த 1024 யாருக்குக் கிடைச்சுது? யாருக்கும் இல்ல. தேர்வு நடந்த லேப் அறைக்கே அந்த எண்ணைக் கொடுத்துட்டாங்க. அடுத்த எண் 1025, தேர்வை உருவாக்கின ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு. 1026 டெர்ரி ஸ்லாட்டரிக்கு. சிஸ்கோ ஊழியரா இல்லாம இதை முதல்ல பாஸ் பண்ணவர் அவர்தான். சிஸ்கோ ரவுட்டர்ல நாம கட்டளை அடிக்கிறோமே, அந்த கமாண்ட் லைனை இன்னைக்கு இருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்த வேலையிலயும் அவர் பங்கு பெருசு.

அறைக்குப் பட்டம் கொடுத்தது விளையாட்டுதான். ஆனா என் பார்வையில, அந்தத் தேர்வோட மொத்த நோக்கமும் அந்த விளையாட்டுக்குள்ள இருக்கு. ஏன்னு சொல்றேன்.

இது நடந்தது 1993-ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த லியோனார்ட் போசாக், சாண்டி லெர்னர் ரெண்டு பேரும் சிஸ்கோவை ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆகியிருந்த நேரம். அப்போ ஒரு கம்பெனி நெட்வொர்க்ல ஐ.பி மட்டும் ஓடாது. நாவெல் கம்பெனியோட ஐ.பி.எக்ஸ், ஆப்பிள்டாக், டெக்நெட்னு பல மொழிகள் ஒரே வயர்ல ஓடும். ஒண்ணு படுத்தா எது படுத்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு.

சான்றிதழ்ங்கிற விஷயம் சிஸ்கோவோட கண்டுபிடிப்பு இல்ல. அதுக்கு முன்னாடியே நாவெல் சி.என்.இ-ன்னு ஒண்ணு நடத்துச்சு. நல்லா ஓடுச்சு. ஆனா 90கள்ல அதோடயே ஒரு கேலிப் பேரும் சுத்துச்சு: ‘பேப்பர் சி.என்.இ’. புத்தகத்தை மனப்பாடம் பண்ணி கொள்குறி வினாவுல டிக் அடிச்சு பாஸ் பண்ணிருப்பாங்க, சர்வர் முன்னாடி உட்கார வெச்சா கை ஓடாது. மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களுக்கும் இதே பேர் பின்னாடி வந்துச்சு.

சி.சி.ஐ.இ அதுக்கு நேர் எதிரா நின்னுச்சு. எழுத்துத் தேர்வு நுழைவாயில் மட்டும்தான். உண்மையான தேர்வு அந்த அறையில, ரெண்டு நாள். முதல்ல வெறும் பெட்டிகளா இருக்கிற ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாத்தையும் இணைச்சு ஒரு நெட்வொர்க் கட்டணும். போதுமான மார்க் வரலையா, அடுத்த கட்டத்துக்கே போக முடியாது, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். அதையும் தாண்டினா ரெண்டாவது நாள் மதியம் ஒரு வேலை காத்திருக்கும். நீங்க வெளிய போயிருக்கிற நேரத்துல, தேர்வு நடத்துறவர் நீங்க கட்டின நெட்வொர்க்கையே உடைச்சு வெச்சிருப்பார். திரும்பி வந்து எங்க உடைஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணணும்.

ஒரு சின்ன உதாரணம். ஓ.எஸ்.பி.எஃப்-ல ரெண்டு பக்க ரவுட்டர்லயும் ஹலோ டைமர் ஒரே அளவுல இல்லன்னா, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்தும் ஒண்ணை ஒண்ணு சேர்த்துக்காது. வயர் சரி, விளக்கு எரியுது, பிங் கூட போகும். ஆனா ரூட் வராது. இதை மனப்பாடத்தால பிடிக்கிறது கஷ்டம். அனுபவப்பட்ட கண்ணு வேணும்.

அடுத்து வந்தது எண்ணிக்கைப் பிரச்சனை. ஒரு அறையில எத்தனை பேரை உட்கார வைக்க முடியும்? 1998-ல சி.சி.என்.ஏ வந்துச்சு. தேர்வு மையத்துல கம்ப்யூட்டர் முன்னாடி எழுதுற தேர்வு. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு ஐ.டி வேலைக்கு அது ஒரு கதவு. அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா அதே கதவு வழியா டம்ப்ஸும் வந்துச்சு. கசிஞ்ச கேள்விகளை வித்துக் காசு பார்க்கிற வியாபாரம்.

உச்சித் தேர்வுலயும் மாற்றம். 2001-ல ரெண்டு நாள் லேப் ஒரே நாளா, எட்டு மணி நேரமா சுருங்குச்சு. உடைச்சு வெச்சு சரி பண்ணச் சொல்ற அந்தத் தனிப் பகுதி போச்சு. 2009-ல ரவுட்டிங், ஸ்விட்ச்சிங் பிரிவுக்கு அது ரெண்டு மணி நேரப் பகுதியா திரும்ப வந்துச்சு. எட்டு வருஷம் கழிச்சு அதைத் திரும்பக் கொண்டுவந்ததுலயே அதோட மதிப்பு தெரியுதுன்னு நான் நினைக்கிறேன்.

2020 பிப்ரவரி 24-ல சிஸ்கோ மொத்த அமைப்பையும் மாத்துச்சு. பல கிளைகளா இருந்த சி.சி.என்.ஏ ஒரே தேர்வாச்சு. ஜேசன், ஏ.பி.ஐ, ஆட்டோமேஷன் எல்லாம் பாடத்துக்குள்ள வந்துச்சு. அன்னைக்கே டெவ்நெட்னு ஒரு தனி வரிசையும் தொடங்குச்சு. அதையும் ஆட்டோமேஷன்ங்கிற பேர்ல சி.சி.என்.ஏ, சி.சி.என்.பி, சி.சி.ஐ.இ வரிசைக்குள்ளயே சேர்க்கிறதா 2025-ல அறிவிச்சாங்க.

இதெல்லாம் கேட்டுட்டு, ‘அப்போ நான் சி.சி.என்.ஏ எழுதணுமா, வேணாமா?’ன்னு உங்கள்ல சிலர் யோசிப்பீங்க. நியாயமான கேள்வி. தேர்வுக் கட்டணம் 300 டாலர், அதுக்கு மேல வரி. மூணு வருஷத்துல புதுப்பிக்கணும். பல வீட்டுல அது ஒரு மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல.

என் பதில் இது. எழுதுங்க, ஆனா டம்ப்ஸ் வாங்கி எழுதாதீங்க. மாட்டினா சான்றிதழ் ரத்தாகலாம். மாட்டலைன்னாலும் இன்டர்வியூல ‘பிங் போகுது, ரூட் வரல, முதல்ல எங்க பார்ப்பீங்க?’ன்னு ஒருத்தர் கேட்டா மொத்தமும் வெளிய வந்துடும். கட்டளை அடிக்கிற வேலையை இனி ஸ்க்ரிப்ட் பார்த்துக்கும். ஆனா அந்த ஸ்க்ரிப்டே ஒரு நாள் ராத்திரி 200 ரவுட்டருக்குத் தப்பான வரியை அனுப்பிட்டா, எங்க தப்புன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் வேணும்.

அதுக்குப் பணம் வேணாம். பாக்கெட் ட்ரேசர் இலவசம், ஜி.என்.எஸ்.3 இலவசம். ஒரு சின்ன நெட்வொர்க் கட்டுங்க. நண்பர்கிட்ட கொடுத்து, உங்களுக்குத் தெரியாம மூணு இடத்துல உடைக்கச் சொல்லுங்க. கடிகாரத்தைப் பார்த்துட்டு உட்காருங்க. 1993-ல அந்த அறை கேட்டதும் இதைத்தான்.