ஆர்மேனிய இளைஞர்களின் எதிர்காலமும் பாடசாலைக் கல்வியும்

1991 செப்டெம்பரில் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட ஆர்மேனியாவில், அரசின் திட்டமிட்ட பொருளாதாரத்திலேயே பழகிய ஆசிரியர்கள், சந்தைப் பொருளாதாரத்தையும் பல கட்சி ஜனநாயகத்தையும் கற்பிக்க வேண்டியவர்களாயினர். 1988ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் வடுக்கள் ஆறாத, கரபாக் யுத்தம் நீடித்த நாட்கள் அவை. 1993இல் டிராம் என்ற புதிய நாணயமும் அறிமுகமாகியது. பெற்றோருக்கே புதியனவாயிருந்த பங்கு, மூலதனம் என்பவற்றைப் பிள்ளைகள் வகுப்பறையில் கற்கலாயினர்.

இப்பணியில் 1992இல் தொடங்கப்பட்ட ஜூனியர் அச்சீவ்மென்ட் ஒஃப் ஆர்மேனியா என்ற அமைப்புக்கு முக்கிய பங்குண்டு. மாணவர்கள் பங்குகளை விற்று மூலதனம் திரட்டி, சிறு கம்பனியொன்றை நடத்தி, இறுதியில் கணக்கு முடிப்பது அதன் கற்பித்தல் முறைகளில் ஒன்றாகும். குடியியற் பாடமோ அரசியலமைப்பையும் பிரஜையின் உரிமைகளையும் எடுத்துரைக்கின்றது.

2018 ஏப்ரலில் பிரதமர் சேர்ஜ் சார்க்சியானைப் பதவி விலகச் செய்த அமைதிவழிப் போராட்டத்தில் மாணவர்கள் பெருமளவில் பங்கேற்றனர். அதற்குப் பாடசாலைக் கல்வியே காரணமென்று கூறிவிட முடியாது. எனினும், தொழில் தேடி ரஷ்யாவுக்குச் செல்வோர் பலராகவுள்ள ஒரு நாட்டில், தொழிலை உருவாக்கவும் ஆட்சியாளரைக் கேள்வி கேட்கவும் இளைஞர்கள் கற்பது சிறு விடயமன்று. கற்றதைப் பிரயோகிக்கும் வாய்ப்பை நாடு வழங்காவிடின், அக்கல்வி கறிக்குதவாத ஏட்டுச் சுரைக்காயாகவே எஞ்சும்.