அடுக்களையும் குறிப்பேடும்: பிரெஞ்சுப் புறநகர்த் திரைப்படங்களில் அன்னையர்

பாரிஸ் மாநகரின் விளிம்பில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வேலையிழந்த பிரெஞ்சு இளந்தாய் ஒருத்தி மாடத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறாள். அவளைப் பேசித் தடுத்து மீட்பவர் அண்டை வீட்டு அல்ஜீரியப் பெண் மலிக்கா. மெஹ்தி ஷரெஃப் தமது சொந்த நாவலைத் தழுவி 1985இல் இயக்கிய 'ஆர்க்கிமிடீஸின் அந்தப்புரத்தில் தேநீர்' என்னும் படத்தில் இடம்பெறும் காட்சி இது. ஊரார் பிள்ளையைக் காத்த இந்த அன்னையால் தம் மகன் மஜீதைத் தெருவிலிருந்து மீட்க முடியவில்லை. கூரையிலிருந்து விழுந்து சித்தம் கலங்கிய கணவரையும் குழந்தைபோல் பேண வேண்டிய நிலை அவருக்கு.

படத்தின் விசித்திரமான தலைப்புக்கும் ஒரு கதை உண்டு. ஆர்க்கிமிடீஸின் தேற்றம் என்பதைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரை வகுப்பறையில் ஒரு மாணவன் தன் காதில் விழுந்தபடி எழுதியபோது, அது 'அந்தப்புரத்தில் தேநீர்' ஆகிவிட்டது. சிரிப்பை வரவழைக்கும் இப்பிழைக்குள் புறநகர் வாழ்வின் பெருந்துயர் ஒன்று ஒளிந்திருப்பதாக நாம் கருதுகிறோம். ஒருவர் மொழி மற்றவர் செவியில் சரியாக விழாமற்போகும் துயர் அது. புறநகர்ப் படங்களில் அன்னையர் பெற்ற இடத்தையும் பெறாத இடத்தையும் தீர்மானித்தது பெரும்பாலும் அதுவே.

இவ்வன்னையர் பிரான்சுக்கு வந்த வரலாற்றை இங்கே சுருக்கமாக நினைவுகூர வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் மக்ரிபு நாடுகளிலிருந்து வந்தோரில் பெரும்பாலோர் தனி ஆண்கள். 1974இல் பிரெஞ்சு அரசு தொழிலாளர் வருகையை நிறுத்தியது. குடும்பத்தார் வந்து சேர்வதற்கான விதிகளை 1976ஆம் ஆண்டு அரசாணை வகுத்தது. மனைவியரும் பிள்ளைகளும் முன்னரே வரத் தொடங்கியிருந்தனர் என்றாலும், இதன்பின் குடும்ப வருகையே முதன்மையாயிற்று. பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு கற்றனர். அன்னையரிற் பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பின்னாளில் கேமராவைக் கையிலெடுத்தவர்களில் முந்தியோர் அப்பிள்ளைகளே, அவர்களிலும் பெரும்பாலும் ஆண்மக்கள். அவர்கள் தம் அன்னையை அன்போடு நினைத்தனர். ஆனால் அந்த நினைவில் அவர் எப்போதும் அடுக்களையில் நின்றார், அல்லது வாசலில் காத்திருந்தார்.

1995இல் வெளியான மத்தியூ காசோவிட்ஸின் 'வெறுப்பு' புறநகர்ப் படம் என்னும் வகைக்கே அடையாளமாயிற்று. அதில் மூன்று இளைஞர்கள். கறுப்பின இளைஞன் ஹூபெர்ட்டின் தாய் தையல் வேலையில் இருக்கக் காண்கிறோம். யூத இளைஞன் வின்ஸின் பாட்டியையும் காண்கிறோம். அரபு இளைஞன் சயீதின் வீட்டுக்குள் மட்டும் கேமரா நுழைவதே இல்லை. இதைக் காழ்ப்பு என்று சொல்ல நாம் துணியமாட்டோம். ஆயினும் புகழ்பெற்ற அப்படத்தில் காணாமற்போனவர் முஸ்லிம் அன்னையே என்பதை எப்படிக் கவனியாதிருப்பது?

அவ்வீட்டின் கதவைத் திறந்தவர் யமினா பெங்கிகி. அவருடைய 1997ஆம் ஆண்டு ஆவணப்படம் தந்தையர், அன்னையர், பிள்ளைகள் என மூன்று பகுதிகள் கொண்டது. அன்னையருக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியதே ஒரு திருப்பம். 2001இல் அவர் இயக்கிய 'இன்ஷா அல்லாஹ் ஞாயிறு' கதைப்படத்தின் களம் பாரிஸ் புறநகரன்று, வடக்கேயுள்ள சேன் கான்தேன் என்னும் ஊர். மூன்று பிள்ளைகளோடும் மாமியாரோடும் கணவனிடம் வந்து சேர்கிறாள் ஸுவீனா. அவள் வெளியே செல்லத் தடை. பெருநாளுக்குக் குர்பானி ஆடு தேடி ஞாயிறுதோறும் கணவனும் மாமியாரும் புறப்பட்டதும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரில் இன்னோர் அல்ஜீரியக் குடும்பத்தைத் தேடிச் செல்கிறாள். முடிவில் கண்டுபிடித்த வீட்டின் பெண்ணோ இவளுடைய மீறலைக் கண்டு அஞ்சிக் கதவைச் சாத்திவிடுகிறாள். மூடிய கதவின் முன் நிற்கும் ஸுவீனாவை மறப்பது கடினம். ஆனால் மாமியார் பாத்திரத்தின்பால் இயக்குநர் நீதியோடு நடந்துகொண்டார் என்று நம்மால் கூற இயலவில்லை. அவரும் மண்ணைவிட்டுப் பெயர்க்கப்பட்ட ஓர் அன்னைதானே.

2005 அக்டோபர் 27இல் கிளிஷி சூ புவாவில் காவலர்களிடமிருந்து தப்பியோடிய இரு சிறுவர்கள் மின் நிலையத்துக்குள் மாண்டனர். புறநகர்கள் எரிந்தன. பெற்றோர் பிள்ளைகளை அடக்கி வளர்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு அரசியல் மேடைகளில் எழுந்தது. பள்ளிச் சுற்றுலாவில் உடன்செல்லும் அன்னையர் முக்காடிடுவதைத் தடுக்க வழிசெய்த சுற்றறிக்கை 2012இல் வந்தது. அன்னையைப் பற்றி எல்லோரும் பேசினர். அவர் பேசியதைக் கேட்டவர் சிலரே.

2015ஆம் ஆண்டுக் கான் விழாவில் இரு அன்னையர் தோன்றினர். தங்கப் பனை விருது பெற்ற ழாக் ஓதியாரின் 'தீபன்' படத்தில், ஈழப்போரிலிருந்து தப்ப விழையும் யாழினி, அகதி முகாமில் அநாதைச் சிறுமி ஒருத்தியைத் தேடிப் பிடித்து, காகிதத்தில் தாயாகிறாள். புறநகரில் அந்தப் பொய்த் தாய்மையை வாழ்ந்து பழக வேண்டியவளாகிறாள். தமிழ் பேசும் தாயொருத்தி இவ்வகைப் படமொன்றின் நடுவே வந்தது நமக்கு வியப்பே.

மற்றவர் ஃபிலிப் ஃபோகோனின் 'ஃபாத்திமா'. மொராக்கோவிலிருந்து வந்து துப்புரவுப் பணி செய்த ஃபாத்திமா அல்அய்யூபி எழுதிய நூலைத் தழுவிய படம் இது. நடித்த சோரியா ஸெரூவாலும் தொழில்முறை நடிகையல்லர். மூத்த மகள் மருத்துவம் பயில்கிறாள். பிரெஞ்சு சரியாகப் பேசவராத தாயைக் கண்டு இளையவள் நாணுகிறாள். மாடிப்படியில் விழுந்து வேலைக்குச் செல்ல இயலாத நாட்களில், மகள்களிடம் சொல்ல முடியாதவற்றையெல்லாம் ஃபாத்திமா குறிப்பேட்டில் அரபியில் எழுதுகிறார். அரபி அறிந்த மருத்துவர் ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டுகிறார். முப்பதாண்டுகளாகத் திரையில் வாய்திறவாதவர் என்று எண்ணப்பட்டவர் ஊமையல்லர். அவர் மொழியறிந்த செவிதான் அங்கில்லை. 2016இல் சிறந்த படத்துக்கான சேசர் விருது இப்படத்துக்குக் கிடைத்தது.

படத்தின் இறுதியில் மகளின் தேர்வு முடிவுப் பட்டியலைப் பார்க்க ஃபாத்திமா தனியே கல்லூரிக்குச் செல்கிறார். அந்நிய எழுத்துகளின் நீண்ட வரிசையில் தேடி, மகளின் பெயரைத் தாமே கண்டு, புன்னகைக்கிறார்.