எதிரே வரும் லொறியின் குரல்: சீபீ ரேடியோவின் கதை



பழைய ஆங்கிலப் படங்களில் லொறிச் சாரதி ஒருவர், சுருள் வயர் தொங்கும் மைக்கை வாயருகே பிடித்துப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சீபீ ரேடியோ. பொதுமக்கள் தங்களுக்குள் பேச அமெரிக்க அரசு ஒதுக்கிக் கொடுத்த வானொலி அலைவரிசை அது.

1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் 23 சனல்கள் இதற்காகத் திறக்கப்பட்டன. பரீட்சை தேவையில்லை. விண்ணப்பம் ஒன்று போதுமாக இருந்தது. கருவியின் வலு வெறும் 4 வொட். குரல் சில மைல்களுக்குத்தான் போகும். ஆரம்பத்தில் சிறு தொழில் செய்வோரே அதிகம் பாவித்தார்கள்.

நிலைமையை மாற்றியது 1973 ஒக்டோபர். றமழான் யுத்தம் என்று நாம் அறிந்த அரபு - இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு உதவிய அமெரிக்காவுக்கு எண்ணெய் தருவதை அரபு நாடுகள் நிறுத்தின. அங்கே டீசல் விலை ஏறியது. பல நிரப்பு நிலையங்களில் எரிபொருளே இல்லை. எரிபொருளை மிச்சப்படுத்த மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லையும் 1974 ஜனவரியில் சட்டமானது.

சொந்த லொறி வைத்திருந்த சாரதிகளுக்கு இது வயிற்றிலடி. அவர்களில் பலருக்கு ஓடிய மைலுக்குத்தான் கூலி. மெதுவாக ஓடினால் வருமானம் குறையும், லொறிக்கு வாங்கிய கடனோ குறையாது. 1973 டிசம்பரில் பென்சில்வேனியா, ஒஹாயோ பகுதிகளில் நெடுஞ்சாலைகளை லொறிகளால் மறித்தார்கள். அதற்கு அவர்களை ஒன்றுசேர்த்ததில் இந்தச் சின்னப் பெட்டிக்குப் பெரிய பங்குண்டு.

போராட்டத்துக்கு மட்டுமல்ல, எங்கே டீசல் கிடைக்கும், எங்கே விபத்து, எங்கே பொலிஸ் நிற்கிறது என்பதெல்லாம் இதில்தான் தெரிந்தது. இதைச் சொன்னவர் யார்? எதிர்த்திசையில் வரும் சாரதி! நீங்கள் போகப்போகும் பாதையை அவர் கண்டுவிட்டு வருகிறார். அவர் போகப்போகும் பாதையை நீங்கள் கண்டுவிட்டு வருகிறீர்கள். இருவரும் கண்டதைப் பரிமாறிவிட்டுப் பிரிகிறார்கள். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது.

புதிதாக வருபவர் பழக வேண்டிய ஒழுங்கு எளிமையானது. முதலில் அன்டெனாவைச் சரியாகப் பொருத்த வேண்டும்; 4 வொட்டுக்கு அதுதான் உயிர். இரைச்சலை அடக்கும் குமிழைத் திருகிவிட்டு, சாரதிகள் கூடும் 19ஆம் சனலில் கொஞ்ச நேரம் சும்மா கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், இடைவெளி பார்த்து "பிரேக்கர் வன் நைன்" என்று சொல்லி நுழைய வேண்டும். கேட்டது விளங்கினால் "டென் ஃபோர்". நிற்கும் இடத்தைக் கேட்க "ட்வென்டி". பொலிஸுக்குப் பெயர் "ஸ்மோக்கி". 9ஆம் சனல் அவசர உதவிக்கு மட்டும்.

எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்ட் வைத்துக்கொண்டது "ஃபர்ஸ்ட் மாமா". (நம்ம மாமா இல்லை, அங்கே மாமா என்றால் அம்மா!)

1976இல் லொறிச் சாரதிகளைப் பற்றிய "கொன்வோய்" பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நாடே சீபீ வாங்கியது. நெரிசல் தாங்காமல் 1977இல் சனல்கள் 40 ஆக்கப்பட்டன. ஆனால் கேட்பவரை விடப் பேசுபவர் கூடியதால் அலைவரிசை சந்தையாகிவிட்டது. 1983இல் அனுமதிப்பத்திர முறையும் நீங்கியது. ஆர்வம் மெல்லக் குறைந்தது, பிறகு கைபேசி வந்தது. ஆனாலும் சில சாரதிகள் இன்னும் 19இல் இருக்கிறார்கள். கைபேசியில் நமக்குத் தெரிந்தவரைத்தான் அழைக்கலாம். முன்னால் பாதை அடைபட்டிருப்பதைச் சொல்லக்கூடிய மனிதரோ நமக்குத் தெரியாதவர்.

இதை வாசித்து ஆசைப்படும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டில் இப்படியான கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். விசாரிக்காமல் வாங்க வேண்டாம்.

நம் ஊரில் லொறி ஓட்டிய மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கைபேசி இல்லாத நாட்களில் பாதைச் செய்தியை எப்படி அறிந்தார்கள்? வீட்டில் கேட்டு, கீழே எழுதுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.